‘அஞ்சு நிமிஷம்’: கீழ்பென்னாத்தூர் வட்டாரக் கால அளவை ஒன்றைப் பற்றிய ஆய்வுரை

நாழிகைக்குக் கணக்கு இருக்கிறது, இருபத்துநான்கு நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம், அறுபது நாழிகை ஒரு நாள். எழுத்தை உச்சரிக்கும் நேரத்துக்கே மாத்திரை என்று அளவு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் முன்னோர். ஆனால் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை, மற்ற எல்லா அளவைகளையும்விட அதிகமாகப் புழங்கும் ஓர் அளவைக்கு மட்டும் வாய்பாடு கிடையாது. அதுதான் ‘அஞ்சு நிமிஷம்’. தமிழ் ஆய்வுலகம் இத்தனை காலம் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டது எப்படி என்று கேட்டால், கண்டுகொள்ள வேண்டியவர்கள் எல்லாரும் ‘தோ அஞ்சு நிமிஷத்துல எழுதிடறேன்’ என்று சொல்லியிருப்பார்கள் என்றே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஆய்வுக் களம் பற்றி இரண்டு வார்த்தை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில் சுமார் 20 கி.மீ. தள்ளி உள்ள பேரூராட்சி கீழ்பென்னாத்தூர். வட்டத் தலைமையிடம். சட்டமன்றத் தொகுதியாக 2011 தேர்தலில்தான் முதன்முதலாக ஓட்டுப் போட்டது. நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைகிற மண். (நிலக்கடலை என்று எழுதினால் ஊர்க்காரர்களே ‘அது யார் கொல்லையில?’ என்று கேட்பார்கள். ஆதலால் கட்டுரை முழுக்க மல்லாட்டைதான்.) மேற்கே திரும்பினால் 2,668 அடி உயரத்துக்கு அண்ணாமலை எந்த அவசரமும் இல்லாமல் நிற்கிறது. ‘அஞ்சு நிமிஷம்’ எல்லா ஊரிலும் உண்டே, இந்த ஊர் மட்டும் ஏன் என்ற கேள்வி எழலாம். ஆரணிக்குப் பட்டு, செஞ்சிக்குக் கோட்டை, திருவண்ணாமலைக்கு மலை என்று சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று இருக்கும்போது இந்த ஊருக்கும் ஒன்று இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

சிக்கல் எங்கே இருக்கிறது

கொல்லையிலிருந்து பிடுங்கி வந்த பச்சை மல்லாட்டையைக் கழுவி, குண்டானில் போட்டு, உப்புப் போட்டு ஆயா அடுப்பில் வைக்கிறார். ஆறு வயதுப் பேரன் பக்கத்தில் நிற்கிறான்.

“ஆயா, வெந்துச்சா?”

“தோ, அஞ்சு நிமிஷம்டா கண்ணு.”

பேரன் போகிறான். தெருக்கோடி வரை ஓடிவிட்டு வருகிறான். தங்கச்சியை அடிக்கிறான், தங்கச்சியிடம் அடி வாங்குகிறான். ஆட்டுக்குட்டியோடு ஒரு பேச்சுவார்த்தை நடத்துகிறான். குண்டானின் மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்கிறான். அவன் கணக்கில் இதற்குள் பொங்கல் வந்து போயிருக்க வேண்டும். ஆயாவோ இப்போதுதான் விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

“வெந்துச்சா ஆயா?”

“அதான் சொன்னேன்ல, அஞ்சு நிமிஷம்.”

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சை மல்லாட்டை குண்டானில் பதமாக வேக முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். இது ஆயாவுக்குத் தெரியாததா? வாழ்நாள் முழுக்க மல்லாட்டை வேகவைத்தவர் அவர். எனவே நேரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார் என்று சொல்லித் தப்பிக்க ஆய்வாளருக்கு வழியில்லை. தெரிந்தே நாற்பத்தைந்தை ஐந்து என்கிறார். இதற்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் புவியியல். ஊர்ப் பெரியவர்களுக்குச் சாதகமான முதல் தடயம் இங்கேதான் கிடைக்கிறது. இந்தியத் திட்ட நேரம் மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. 1906-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, 1792-ல் அமைந்த சென்னை வானாய்வுக் கூடத்தின் ‘மெட்ராஸ் டைம்’ பார்த்து ரயில்கள் ஓடின. பாகைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. கீழ்பென்னாத்தூர் 79 பாகை சொச்சத்தில் இருக்கிறது. ஆகவே கடிகாரம் பகல் பன்னிரண்டு அடிக்கும்போது இந்த ஊர்ச் சூரியன் உச்சிக்கு வர, சராசரியாகப் பார்த்தால், இன்னும் பதின்மூன்று நிமிடம் இருக்கிறது. பழைய மெட்ராஸ் டைமோடு ஒப்பிட்டாலும் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலே பின்தங்கல் உண்டு. நான்கு சொச்சத்தை ஐந்து என்று சொல்வது உலக வழக்கம். ஆக, மெட்ராஸ் சூரியனுக்கும் கீழ்பென்னாத்தூர்ச் சூரியனுக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் ‘அஞ்சு நிமிஷம்’ என்று மக்கள் நாவில் தங்கிவிட்டது என ஒரு கருதுகோளை முன்வைக்கலாம்.

முன்வைத்த கையோடு திரும்ப எடுத்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. சூரியன் ஆயாவுக்குத் தாமதமாகவும் பேரனுக்குச் சீக்கிரமாகவும் உதிப்பதில்லை. மேலும் அது பதின்மூன்று நிமிடம் என்றால் பதின்மூன்று நிமிடத்தில் வந்துவிடுகிறது.

முன்னோர் முடிவுகள்

மேல்நாட்டார் இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. பால் ஜேனே என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி 1877-லேயே ஒரு வழி சொன்னார்: ஒரு கால அளவு நமக்கு எவ்வளவு நீளமாகத் தோன்றுகிறது என்பது, அதுவரை நாம் வாழ்ந்த வாழ்க்கையில் அது எத்தனையில் ஒரு பங்கு என்பதைப் பொறுத்தது. ஆறு வயதுக்காரனுக்கு ஒரு வருடம் ஆயுளில் ஆறில் ஒரு பங்கு. அறுபது வயதுக்காரருக்கு அறுபதில் ஒரு பங்கு. இதை அறுபது வயது ஆயாவின் வழக்குக்குப் பொருத்திப் பார்ப்போம். பேரனுக்கு ஐந்து நிமிடம் எவ்வளவு நீளமாகத் தெரியுமோ, அவ்வளவு நீளமாக ஆயாவுக்குத் தெரிய ஐம்பது நிமிடம் ஓட வேண்டும். மல்லாட்டை வேக முக்கால் மணி நேரம். ஆயா சொன்ன வாக்கைக் காப்பாற்றியதோடு ஐந்து நிமிடம் மிச்சமும் பிடித்துக் கொடுத்திருக்கிறார்! ஜேனே கணக்குப்படி அவர் அரிச்சந்திரனுக்கு ஒருபடி மேல்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ராபர்ட் லெம்லிக் என்பவர் 1975-ல் குறுக்கே வந்து, வயதை அப்படியே எடுக்கக் கூடாது, அதன் வர்க்கமூலத்தை எடுக்க வேண்டும் என்றார். பத்தின் வர்க்கமூலம் மூன்றே சொச்சம். ஆயாவின் ஐம்பது நிமிடம் பதினாறு நிமிடமாகச் சுருங்கிவிட்டது. இந்த வகையில் அரை மணி நேரம் கணக்கில் உதைக்கிறது. ஒரு வர்க்கமூலக் குறி ஒரு பெண்மணியின் நாணயத்தை எப்படிக் கெடுத்துவிடுகிறது பாருங்கள். கணிதத்தைக் குடும்ப விவகாரங்களில் நுழைய விடக் கூடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அடுத்து, உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைச் சோதித்தவர்கள். 1996-ல் பீட்டர் மாங்கன் என்ற அமெரிக்க உளவியலாளர், மனசுக்குள் எண்ணி மூன்று நிமிடம் ஆனதும் சொல்லுங்கள் என்று சிலரிடம் கேட்டார். இருபதை ஒட்டிய வயதினர் மூன்று நிமிடம் மூன்று விநாடியில் சொல்லிவிட்டார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் மூன்று நிமிடம் நாற்பது விநாடி வரை உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருக்கும் கடிகாரம் வயதில் மெதுவாகிவிடுவதால் வெளியே காலம் ஓடுவதுபோல் தெரிகிறதாம். இதே விகிதத்தில் ஆயாவின் ஐந்து நிமிடம் ஆறு நிமிடம் ஏழு விநாடி ஆகிறது. ஒரு நிமிடம் ஏழு விநாடித் தாமதத்துக்கு முதுமையே பொறுப்பு என்று ஒப்புக்கொள்ளலாம். மிச்சமுள்ள முப்பத்தெட்டு நிமிடம் ஐம்பத்து மூன்று விநாடிக்கு வேறு யாராவதுதான் பொறுப்பேற்க வேண்டும்.

ஹட்சன் ஹோக்லண்ட் (1933) காய்ச்சலில் படுத்திருந்த தம் மனைவியை விநாடி எண்ணச் சொல்லி, சூடு ஏற ஏற அவர் வேகமாக எண்ணுவதைக் கண்டுபிடித்தார். அந்த அம்மையார் அவரைப் பற்றி என்ன கண்டுபிடித்தார் என்று எழுதப்படவில்லை. நம் பேரனுக்குக் காய்ச்சல் இல்லை; நெற்றியில் கை வைத்துப் பார்த்தாயிற்று. கத்திரி வெயிலைக் காரணம் சொல்லலாமென்றால் அது ஆயாவையும் சேர்த்துத்தான் காய்கிறது.

கண்ணைப் பற்றியும் ஒரு கட்சி உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் பேஜான் 2019-ல் எழுதியது இது: சிறு வயதில் கண்ணும் மூளையும் ஒரு நாளில் வாங்கிக்கொள்ளும் காட்சிகள் அதிகம், வயதாக ஆக அந்த வேகம் குறைகிறது, காட்சி குறைந்தால் நாள் குறைந்ததாகத் தோன்றும். கண்ணைக் கொண்டு காலத்தை அளக்கலாம் என்பது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியர் மாத்திரைக்கு இலக்கணம் சொன்னபோது கண் இமைப்பதையும் விரல் நொடிப்பதையும்தான் எடுத்துக்கொண்டார். எத்தனை வயதுக் கண், எத்தனை வயது விரல் என்று நூற்பாவில் இல்லை. பேஜான் சொல்வது சரியென்றால் ஆயாவின் குறிலும் பேரனின் குறிலும் ஒரே நீளத்தில் இருக்க நியாயமில்லை. எழுத்ததிகாரத்தை வயதுவாரியாகத் திருத்தி எழுத வேண்டிவரும். அந்த வேலையைத் துணிந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் களத்தில் உறுதியானது. முதல் முறை “ஆயா” என்று கூப்பிடும்போது ‘ஆ’ இரண்டு மாத்திரை. அடுத்தடுத்த முறைகளில் அது நான்காகி, எட்டாகி, கடைசியில் தெருமுனை வரை கேட்கிறது. கூவி அழைக்கும்போது மாத்திரை நீளலாம் என்று நன்னூல் இடம் கொடுத்திருப்பதால் பேரன் மீது இலக்கணப் பிழை எதுவும் சுமத்த முடியாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது புடாபெஸ்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு. நாலைந்து வயதுக் குழந்தைகள், ஒன்பது பத்து வயதுக்காரர்கள், பெரியவர்கள் என்று மூன்று கூட்டத்துக்கு இரண்டு படத்துண்டுகள் காட்டினார்கள். இரண்டும் ஒரே நீளம், ஒரு நிமிடம். ஒன்றில் அடுத்தடுத்துச் சம்பவங்கள். மற்றொன்றில் பெரிதாக ஒன்றுமே நடக்காது. எது நீளம் என்று கேட்டால், சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சம்பவம் நிறைந்ததை நீளம் என்றார்கள். பெரியவர்களில் பெரும்பாலோர் ஒன்றும் நடக்காததை நீளம் என்றார்கள். பிறகு, எவ்வளவு நேரம் என்று கையை விரித்துக் காட்டச் சொல்லி அதையும் பதிவு செய்தார்கள். கீழ்பென்னாத்தூரில் இரண்டு கையையும் தோள் வலிக்க விரித்து “இவ்ளோஓஓ நேரம் நின்னேன்” என்று தினந்தோறும் பிள்ளைகள் சமர்ப்பிக்கும் தரவுகளை எந்த இதழும் வெளியிட முன்வரவில்லை என்பதை மனவருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

ஆனால் இந்த முடிவும் குண்டான் முன்னால் வழுக்குகிறது. ஓட்டம், அடிதடி, ஆட்டுக்குட்டி, கைச்சூடு என்று பேரனுக்குச் சம்பவம் நிறைந்த நேரம், ஆதலால் நீளம். சரி. ஆயாவுக்கோ ஒன்றும் நடக்காத நேரம். அடுப்பு எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது. அவருக்கும் நீளமாகத்தானே தெரிந்திருக்க வேண்டும்? ஏன் தெரியவில்லை?

கள ஆய்வு: கூத்தும் மாவலியும்

ஏடுகளில் விடை கிடைக்காதபோது தெருவுக்குப் போவதே முறை. இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடக்கும். துரியோதனன் படுகளமும் தீமிதியுமாக முடியும். கூத்து இரவு தொடங்கினால் விடியும்வரை போகும். கால ஆராய்ச்சியாளனுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. ராஜா வேஷக்காரர் எடுத்தவுடன் முகம் காட்டமாட்டார். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். சலங்கை மட்டும் கேட்கும். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். முன்னால் கட்டியக்காரன் நின்றுகொண்டு, தோ வந்துட்டாரு, வந்துகினே இருக்காரு என்று ராஜாவின் வருகையை நீட்டிக்கொண்டே போவார். கூட்டம் முழுக்கப் பேரன்களாகிவிடும். தாத்தாக்கள்கூடக் கழுத்தை நீட்டித் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். கட்டியக்காரன் ஒருவர்தான் அந்த இடத்தில் ஆயா.

முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்த பிள்ளை, “துரியோதனன் எப்பம்மா வருவான்?” என்று கேட்கும். “அஞ்சு நிமிஷம்.” பிள்ளை தூங்கிவிடும். கண் விழித்தால் விடிந்திருக்கும். வேஷக்காரர் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பிள்ளைக்கு இடைப்பட்ட நேரம் பூஜ்யம். பெரியவர் சொன்ன அஞ்சு நிமிஷத்தைவிடக் குழந்தையின் நேரம் குறைவாக இருந்ததற்கு நான் கண்ட ஒரே சான்று இதுதான். தூக்கத்தை ஆய்வு வரம்பிலிருந்து விலக்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எல்லாக் கோட்பாடும் படுத்துவிடும்.

திருப்புமுனை கார்த்திகையில் கிடைத்தது. மலையில் தீபம் ஏறுகிற நாளை ஒட்டி இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மாவலி சுற்றுவார்கள். தெரியாத ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பனம்பூவைப் பொறுக்கிக் காயவைத்து, குழியில் போட்டுக் கொளுத்தி, சாம்பலாகிவிடாமல் பதத்தில் மூடிக் கரியாக்க வேண்டும். கரியை இடித்து, துணியில் வைத்து நீளமாகச் சுருட்டிக் கட்ட வேண்டும். அதைப் பனைமட்டைக் குச்சிகளுக்கு நடுவே செருகிக் கயிறு கட்டி, நுனியில் நெருப்புப் பிடிக்கவைத்துத் தலைக்கு மேலே சுழற்றினால், பொறி வட்டம் வட்டமாகக் கொட்டும். இதற்கான ஏற்பாடு நாள்கணக்கில் நடக்கும். பூ காய வேண்டும், கரி ஆற வேண்டும். மழை பெய்தால் மறுபடி முதலிலிருந்து. கடையில் கம்பி மத்தாப்பு வாங்கினால் ஒரு தீக்குச்சியில் முடிகிற சமாசாரம்.

மல்லாட்டை வேகும்வரை பொறுக்காத அதே பேரன், பனம்பூ காயும்வரை பொறுக்கிறான்! “காஞ்சிடுச்சா?” என்று யாரையும் அவன் கேட்பதில்லை. கேட்கவும் ஆள் இல்லை. காயவைப்பவன் அவன், திருப்பிப் போடுபவன் அவன், இன்னும் ஈரம் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்பவனும் அவன். அவனைவிடச் சின்னவன் ஒருத்தன் பக்கத்தில் நின்று “எப்பண்ணா சுத்தலாம்?” என்று நச்சரிக்கும்போது அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். நிமிராமல், குரலை மாற்றாமல், அப்படியே ஆயாவின் தோரணையில்: “இருடா. அஞ்சு நிமிஷம்.”

இங்கேதான் ஜேனே முதல் புடாபெஸ்ட் வரை எல்லாரும் வயதைப் பார்த்துக்கொண்டே எதைத் தவறவிட்டார்கள் என்பது புலப்படுகிறது. மல்லாட்டைக்கு நேரம் சொல்வது ஆயா, கேட்பது பேரன். மாவலிக்கு நேரம் சொல்வது பேரன், கேட்பது பொடியன். இருட்டுகிற நேரத்தில் தெருவில் கோலி ஆடுகிறவனை அம்மா கூப்பிட்டால், “அஞ்சு நிமிஷம்மா” என்று சொல்வது அவன், வாசலில் நின்று பொறுமை இழப்பது அம்மா. அப்போது அம்மாவின் கடிகாரத்தில் அரை மணி. அவன் கடிகாரத்தில் ஒரே ஓர் ஆட்டம். காலத்தை நீட்டுவதும் சுருக்குவதும் வயது செய்கிற வேலையாக எனக்குத் தெரியவில்லை. எப்போது முடியும் என்பது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு நேரம் குட்டை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு நேரம் நெட்டை. சின்னப் பிள்ளைகளுக்குக் காலம் நீளமாகத் தெரிவதற்குக் காரணம், பல் விளக்குவதிலிருந்து பள்ளிக்கூட மணி வரை எதுவுமே அவர்கள் கையில் இல்லை என்பதுதான்.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் சோதிக்கலாம். ஐம்பது வயது மனிதர் ஒருவரை ஏதாவதோர் அலுவலக வராந்தாவுக்கு அனுப்புங்கள். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. ஒரு சான்றிதழில் ஒரு கையெழுத்து வேண்டும். “அஞ்சு நிமிஷம் உக்காருங்க” என்று சொல்லப்படும். வீட்டில் நான்கு பேரை ஆட்டி வைக்கிற அந்த மனிதர் என்ன செய்கிறார்? மின்விசிறியைப் பார்க்கிறார். சுவரொட்டியை முதலிலிருந்து கடைசிவரை, அச்சகத்தின் பெயர் உட்பட, வாசிக்கிறார். வாசல் வரை போய்விட்டு வருகிறார். கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறார். “சார், ஆச்சா?” என்கிறார். மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்ளாதது ஒன்றுதான் குறை. வயதுக்கேற்ப மெதுவாகிவிட்டதாக மாங்கன் சொன்ன அந்த உள்கடிகாரம் இந்த வராந்தாவில் எப்படி மறுபடி ஆறு வயது வேகத்துக்கு வந்தது? அவரே மாலையில் வீடு திரும்பியதும், “அப்பா, கடைக்குப் போலாமா?” என்று கேட்கும் மகளிடம் சட்டையைக் கழற்றியபடி சொல்கிறார், “அஞ்சு நிமிஷம்மா.”

மறுப்புகள்

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு இது பொருந்தலாம், வருடத்துக்கு? பெரியவர்களுக்கு வருடம் ஓடுகிறது, சின்னவர்களுக்கு நகரவில்லை என்பது ஊரறிந்த உண்மையாயிற்றே?

ஊரறிந்ததை முதலில் சந்தேகிக்க வேண்டும். விட்மன், லேன்ஹோஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பதினான்கு வயது முதல் தொண்ணூற்று நான்கு வயது வரை 499 பேரிடம் காலம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கேட்டார்கள். வாரம், மாதம், போன வருடம் என்று கேட்டபோது வயதுக்கு வயது பெரிய வித்தியாசமில்லை. கடந்த பத்து ஆண்டுகள் எப்படிப் போயின என்று கேட்டபோதுதான் வயதானவர்கள் சற்று அதிகமாக ‘ஓடிப்போச்சு’ என்றார்கள். ஆக, பெரியவர்கள் சொல்லும் அளவுக்கு வருடங்கள் ஓடவில்லை. சொல்லிச் சொல்லியே விரட்டிவிட்டிருக்கிறோம்.

எஞ்சியதற்கும் என் கோட்பாட்டில் இடமிருக்கிறது. ஒரு வருடத்துக்குள் யாருக்கு என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். பிள்ளைக்கு வருவது தீபாவளி, பொங்கல், பிறந்த நாள், தீபம், அரைப்பரீட்சை லீவு. அத்தனையும் வர வேண்டுமே என்று காத்திருக்கும் சரக்கு, அதனால் நீளம். பெரியவருக்கு வருவது அடகு வைத்த நகையைத் திருப்ப வேண்டிய தேதி, பள்ளிக் கட்டணம், பங்காளி வீட்டுக் கல்யாண மொய், மல்லாட்டைக்கு உரம் வாங்கிய பாக்கி. வராமலிருந்தால் தேவலை என்பவை. அவை மட்டும் குதித்துக்கொண்டு வரும். கடன் வாங்கியவருக்கு ஒரு வருடம் மாவலிப் பொறி மாதிரி மறைந்துவிடும். கொடுத்தவரோ நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். கடன் கொடுத்தவர் எந்த வயதினராயினும் குழந்தையே.

பிள்ளைகளும் வேண்டாத தேதிக்கு முன்னால் பெரியவர்களாகிவிடுகிறார்கள். மே மாதம் பாதி தாண்டட்டும். முதல் பாதியில் “போரடிக்குதும்மா” என்று தூணைச் சுற்றியவன், ஜூனில் பள்ளி திறக்கும் செய்தி தொலைக்காட்சியில் ஓடியதும், “அதுக்குள்ள லீவு முடிஞ்சிடுச்சா?” என்று தாத்தா குரலில் கேட்கிறான்.

பஞ்சாங்கம் பார்க்கும் நண்பர் ஒருவர் வேறொரு மறுப்போடு வந்தார். நம் ஒரு வருடம் தேவர்களுக்கு ஒரு நாள். வயதாக ஆக வருடம் நாளாகச் சுருங்குகிறதென்றால் மனிதன் மெல்ல மெல்லத் தேவனாகிறான் என்று அர்த்தம். இதில் ஆராய என்ன இருக்கிறது என்றார். அழகான முடிவுதான். ஆனால் தேவர்கள் யாருக்காகவாவது காத்திருந்ததுண்டா என்று கேட்டேன். திருவண்ணாமலைத் தீபத்தன்று பொழுது விடிந்ததிலிருந்து கோயிலுக்குள் ஜனம் நெருக்கியடித்து நிற்கிறது. மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டு வெளியே வருகிறார், சில நிமிடம் காட்சி, உள்ளே போய்விடுகிறார். மலைமேல் தீபம் எரிகிறது. இருபது கிலோமீட்டர் தள்ளி மொட்டை மாடியில் நிற்பவர்கள் அந்தப் புள்ளி தெரிந்த பிறகுதான் வாசல் அகலுக்கு நெருப்பு வைக்கிறார்கள். அத்தனை லட்சம் பேருடைய நாள் நீளமாகவும், ஒருவருடைய நாள் சில நிமிடமாகவும் இருப்பது ஏனென்று இதைவிடத் தெளிவாக எந்தப் பல்கலைக்கழகமும் செய்துகாட்டியதில்லை. நண்பர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

கோட்பாட்டுக்குள் அடங்காமல் ஒரே ஒரு வழக்குத்தான் முரண்டு பிடிக்கிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கி.மீ. புதிய ரயில்பாதை 2006-07-ல் ஒப்புதல் பெற்றது. அந்த ஆண்டில் இந்தப் பக்கம் பிறந்த பிள்ளை நடந்து, படித்து, மீசை முளைத்து, ஓட்டுப் போடும் வயதையும் தொட்டாயிற்று. ரயில் வரவில்லை. இதில் காத்திருப்பவர்களுக்குள் ஆயா, பேரன் என்ற பேதமே இல்லை. வட்டாரம் மொத்தமும் ஆறு வயதில் நிற்கிறது. ஆனால் மறுபக்கத்தில், விறகைத் தள்ளிவிட்டு “தோ” என்று சொல்லும் ஆயா யார் என்பதுதான் பிடிபடவில்லை. ஒரு கதவைத் தட்டினால் அடுத்த கதவைக் காட்டுகிறார்கள். அங்கே தட்டினால் உட்காரச் சொல்கிறார்கள். காத்திருப்பவர் மட்டும் இருந்து, காக்க வைப்பவர் யாரென்றே தெரியாத நிலையில் அஞ்சு நிமிஷத்தின் நீளம் எவ்வளவு? அதற்கான வாய்பாடு இல்லாமல் இந்த ஆய்வு முழுமை பெறாது. இரண்டாம் பாகத்தில் அதை எழுத உத்தேசம். தயாரானதும் அந்த ரயிலிலேயே ஏற்றி அனுப்பி வைக்கிறேன்.